மூன்று பூட்டு வானொலி

ஒரு மனிதன் தன் மாமி இறந்த மௌத்துச் செய்தியை மாமியின் தம்பிக்கு அறிவிக்க விரும்பினால், அதற்கு ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் ஒரு பொருளாளரும் வேண்டும் என்பது கரைத்தீவில் முச்சக்கர வண்டியில் பேக்கரிப் பாண் விற்கும் தாஹிருக்கு நாற்பது வயதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அவர் அந்தப் பெட்டியைச் செய்தே இருக்கமாட்டார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது தாஹிரின் வாப்பாவும் அவருடைய உடன்பிறந்த நஃபீஸா மாமியும் ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். அவர்களுடைய தம்பி றஊப் வேறொரு வள்ளத்தில் ஏறினார். கரையில் இறங்கியதும் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். வாப்பாவின் குடும்பம் கரைத்தீவில் தங்கியது. றஊப் சாச்சா களப்புக்கு அந்தப் பக்கம், கல்பிட்டிப் பாதையோரத்துக் குடியேற்றம் ஒன்றில் தங்கினார். வானம் தெளிவாக இருந்தால் தண்ணீருக்கு மேலால் அந்தப் பக்கத்துத் தென்னைகள் தெரியும். பாதையால் போவதென்றால் புத்தளம் டவுனுக்குள் இறங்கி, பாலாவிச் சந்தியில் உப்பு லொறிக்கும் சீமெந்து லொறிக்கும் வழிவிட்டு, திரும்ப வடக்கே ஏறவேண்டும்.

வாப்பா மௌத்தானபோது பள்ளிவாசலின் லவுட்ஸ்பீக்கர் கரைத்தீவுக்கு மட்டும்தான் கேட்டது. சாச்சா வந்து சேரும்போது அடக்கிவிட்டுக் கபுறின் மேல் தண்ணீரும் தெளித்து முடித்திருந்தார்கள். அவர் ஈர மண்ணைப் பார்த்தார், துஆக் கேட்டார், யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். போன் இல்லையா என்று கேட்பவர்களுக்கு றஊப் சாச்சாவைத் தெரியாது. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய போன் அவரிடம் இருக்கிறது. அதற்கு அவர் சார்ஜ் போடுவது பெருநாளைக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து நஃபீஸா மாமிக்கு ஒரே பேச்சு. "றஊப் வந்து என்ட முகத்தப் பாக்காம என்ன எடுக்கப்படாது. கேட்டியா தாஹிர்? எடுக்கப்படாது."

தாஹிருக்குச் சின்ன வயதிலிருந்தே கம்பிகளோடும் ரேடியோக்களோடும் விளையாடுகிற பைத்தியம் இருந்தது. யுத்தம் முடிந்து, ஏரியல் கட்டியவனை ஆமி வந்து விசாரிக்கும் பயம் கொஞ்சம் தணிந்த பிறகு, கொழும்பில் சாமான் வாங்கி, பாண் விற்று வந்த பின்னேரங்களில் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சின்ன ஒலிபரப்புப் பெட்டியைப் பொருத்தினார். முற்றத்துத் தென்னையில் ஏரியல் கம்பி ஏறியது. பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசுவார். யார் மௌத், யாருடைய ஆட்டைக் காணவில்லை, பாண் வண்டியில் எத்தனை பணிஸ் மிஞ்சியிருக்கிறது, இவ்வளவும்தான் நிகழ்ச்சி. தண்ணீருக்கு மேலால் அது அந்தக் கரைக்கும் கேட்டது. றஊப் சாச்சா தன் பழைய ரேடியோவை அந்த அலைவரிசையில் நிறுத்தி, முள்ளை அசைக்கக்கூடாது என்று மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். தாஹிர் பேசாத நேரத்திலும் அதைத் திறந்தே வைத்திருந்தார். "மௌத்து நேரம் பாத்தா வரும்?" என்பது அவருடைய நியாயம்.

இப்படியே விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நம் ஊரில் எதையும் அப்படியே விடுவதில்லை.

முதலில் வந்தவர் டியூஷன் கொடுக்கும் மிஹ்லார் மாஸ்டர். "தாஹிர் நானா, இது பெரிய குற்றம் தெரியுமா? லைசன் இல்லாமப் பேசினா பெட்டியையும் எடுப்பாங்க, உங்களையும் எடுப்பாங்க. கொழும்புக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க."

தாஹிர் பயந்த மனிதர். ஒருநாள் பாண் விற்பனையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனார். அந்த அலுவலகத்தின் பெயர் அவருக்கு இன்றுவரை முழுதாக வாயில் வராது. பல கதிரைகளில் மாறி மாறி உட்காரவைத்த பிறகு ஓர் அதிகாரி, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், மிக அன்பாக விளக்கினார்.

"காற்றலை நாட்டின் சொத்து. அதில் ஒரு ஆள் தனியாகப் பேசினால் அது சட்டவிரோதம். ஏழு பேர் சேர்ந்து பேசினால் அது சமூக அபிவிருத்தி. நீங்கள் ஒரு ஆளாக வந்திருக்கிறீர்கள். நான் உங்களைப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சங்கமாக வாருங்கள், பார்க்கிறேன்."

"சங்கம் வந்தா லைசன் தருவீங்களா சேர்?"

"சங்கம் வந்தால் ஏன் தரமுடியாது என்று முறைப்படி அறிவிப்போம். தனி ஆளுக்கு அந்த உரிமையும் கிடையாது."

சங்கத்துக்கு ஏழு ஒலிபரப்பாளர்கள் வேண்டும். அந்தக் கடற்கரை முழுக்கத் தேடியதில் தாஹிரோடு இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள். மற்றவர் சிலாபத்துக்குக் கிட்டக் கடலோரத்தில் இருந்த இன்னாசித்தம்பி. மீன்பிடிக்காரர். வீட்டுக் கூரையில் ஏரியல் கட்டி, கடலில் நிற்கும் தம்பிமாருக்குக் காற்றின் நிலவரத்தையும் மாதா பிரார்த்தனையையும் சொல்லிக்கொண்டிருந்தார். மீதி ஐந்து பேரையும், தன்னையும் சேர்த்து, மிஹ்லார் மாஸ்டரே பிடித்துத் தந்தார். அவர்களில் ஒருவருக்கும் வானொலிப் பெட்டி இல்லை. இரண்டு பேருக்குக் காதும் சரியாகக் கேட்காது.

தலைவராக வந்தவர் ஹயாத்து முகம்மது. கூட்டுறவுப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எங்கே நாலு கதிரை போட்டாலும் நடுக் கதிரையில் அவர் இருப்பார், போடாவிட்டால் போடச் சொல்லுவார். பொருளாளர் ஹார்ட்வெயார் ஜபார். செயலாளர், சொல்லவேண்டியதில்லை, மிஹ்லார் மாஸ்டர். பெட்டி வைத்திருந்த இரண்டு பேரும் சாதாரண அங்கத்தவர்கள் ஆனார்கள்.

முதல் கூட்டம் சங்கத்தின் பெயரில் மாட்டிக்கொண்டது. 'குறைந்த வலு ஒலிபரப்பாளர் சங்கம்' என்று மிஹ்லார் வாசித்ததும் தலைவர் கையை உயர்த்தினார்.

"குறைந்த வலுவா? இந்தச் சங்கத்துக்குத் தலைவர் நான். என்னைக் கூப்பிடும்போது 'குறைந்த வலுத் தலைவர் அவர்களே' எண்டா கூப்பிடுவீங்க?"

மூன்று கூட்டங்களும் பல தட்டு வட்டிலப்பமும் தீர்ந்தபின், 'வளர்ந்துவரும் வலு ஒலிபரப்பாளர் சங்கம்' என்று முடிவானது. சிலாபத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த இன்னாசித்தம்பி, தாஹிரின் காதோடு, "இவ்வளவு நேரத்தில நான் கடலுக்குப் போய் வந்து வலையும் காயப்போட்டிருப்பன்," என்றார்.

பிறகு யாப்பு. யாப்பு எழுதத் தெரியாத மிஹ்லார், தலைவரின் வீட்டில் கிடந்த கூட்டுறவுக் கடைச் சங்கத்தின் யாப்பை எடுத்து, 'கடை' என்று வந்த இடமெல்லாம் 'வானொலி' என்று மாற்றிவிட்டார். அதனால் ஒலிபரப்பாளர்கள் தராசைச் சரியாக வைத்திருக்கவேண்டும் என்றும், அரிசி மூட்டைகளைச் சுவரோடு அண்டி அடுக்கக்கூடாது என்றும் விதி வந்தது. அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. வருத்தம் ஒன்பதாம் விதியில் வந்தது. சங்கம் செய்யும் தொழிலை அங்கத்தவர் எவரும் தனியாகச் செய்யக்கூடாது, செய்தால் வாக்குரிமை இல்லை.

தாஹிர் எழுந்து, "அப்ப ஒலிபரப்புற ஆளுக்கு ஒலிபரப்பாளர் சங்கத்தில வாக்கு இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் தலைவர் பொறுமையாக. "ஒலிபரப்புறத நிப்பாட்டினா இருக்கு."

"நிப்பாட்டிட்டா நாங்க எப்பிடி ஒலிபரப்பாளர்?"

"தம்பி, நான் இருவத்தெட்டு வருசம் கூட்டுறவுக் கடைகளப் பரிசோதிச்சவன். ஒரு நாளாவது அரிசி நிறுத்துக் குடுத்திருப்பனா? நிறுக்காததாலதான் என்னால நேர்மையாப் பரிசோதிக்க முடிஞ்சிது. நீங்க பேசிப் பேசிப் பழுதாகிட்டீங்க. கொஞ்சக் காலம் பேசாம இருந்து பாருங்க."

லைசன் வரும்வரைதானே என்று தாஹிர் ஒப்புக்கொண்டார். இதுதான் அவருடைய பிழை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் வால். சொத்தில்லாத சங்கத்தைப் பதிவுசெய்ய முடியாது என்றார்கள், பெட்டியை ஏரியல் கம்பியோடு சங்கத்துக்கே கொடுத்தார். இன்னாசித்தம்பியும் முறைத்துக்கொண்டே தன்னுடையதைக் கொடுத்தார்.

ஆரம்ப விழாவை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பாலர் பாடசாலைக் கட்டடத்தில் பந்தல் போட்டு, இரண்டு ஒலிபரப்புப் பெட்டிகளையும் ஒரு மேசையில் வைத்து மாலை போட்டார்கள். லைசன் இல்லாமல் ஒலிபரப்புச் சங்கத்தின் விழாவை ஒலிபரப்பினால் சட்டவிரோதம் என்பதால், புத்தளத்திலிருந்து லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு வந்தது. அதில் தலைவர் பேசினார்.

"பெரியோர்களே, நான் வானொலி கேட்பதில்லை. கேட்பவன் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். வானொலி என்றால் என்ன? பேசுவது. ஒரு வானொலிச் சங்கத்தின் முதற் கடமை என்ன? பொறுப்பில்லாமல் பேசுவதைத் தடுப்பது. இந்தச் சங்கம் பிறப்பதற்கு முன்னர் இந்தக் கரையில் அனுமதியில்லாத குரல்கள் இரண்டு இருந்தன. இன்று ஒன்றுமில்லை. அனுமதியுள்ள குரலும் இன்னும் இல்லை. இந்த அமைதியைத்தான், பெரியோர்களே, நாம் ஒழுங்கு என்கிறோம்."

கைதட்டினார்கள். காது கேட்காத அங்கத்தவர் இருவரும் அதிக நேரம் தட்டினார்கள்.

சொத்து என்று வந்ததும் பாதுகாப்பு வந்தது. பள்ளியின் காணிக்கைப் பெட்டிக்கு மூன்று பூட்டு உண்டு. மூன்று நிர்வாகிகளிடம் மூன்று சாவி, மூவரும் ஒன்றாக நின்றால்தான் திறக்கலாம். அந்த ஏற்பாட்டை யாரும் குறை சொல்லமுடியாது, அது பணப்பெட்டி. தலைவர் அந்த முறையை அப்படியே வானொலிக்குக் கொண்டுவந்தார். பாலர் பாடசாலைக்கு ஓர் இரும்பு அலுமாரி வந்தது. ஜபார் தன் கடையிலேயே மிக உறுதியான பூட்டுகளாக மூன்று தந்தார். தலைவரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. மாலையோடேயே இரண்டு பெட்டிகளும் உள்ளே போயின.

"அவசரத்துக்கு மௌத்து அறிவிக்கணும் எண்டா?" என்று தாஹிர் கேட்டார்.

"அவசரத் தேவைகள மூணு வேல நாளைக்கு முன்னால அறிவிக்கலாம்," என்றார் தலைவர். "அதுக்கும் இடம் வெச்சிரிக்கிறம்."

மாதங்கள் போயின. கொழும்பிலிருந்து, ஏன் தரமுடியாது என்பதை முறைப்படி அறிவிக்கும் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. ஒவ்வொரு கடிதத்துக்கும் சங்கம் ஒரு தேநீர் விருந்து வைத்தது. நஃபீஸா மாமி கட்டிலோடு கிடந்தார். பாண் வண்டி வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டால் உள்ளிருந்து கேட்பார்: "உங்கட சங்கம் வாயத் தொறந்திச்சா?"

"இப்ப வந்திரும் மாமி."

"நான் வாய மூடுறதுக்குள்ள வந்தாச் சரி. றஊப் வராம என்ன எடுக்கப்படாது."

சாச்சாவைப் போய்ப் பார்க்கும்போது தாஹிர் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. "மெசின்ல கொஞ்சம் பழுது சாச்சா, மௌத்து மாதிரி முக்கியமான விசயத்துக்கு மட்டும்தான் இனிப் பேசுவம்," என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். சாச்சா அதை நம்பித் தலையாட்டினார். ரேடியோ அவருக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமி மௌத்தானார். தாஹிர் பள்ளி நிர்வாகத்திடம் கெஞ்சினார். பின்னேரம் அஸர் தொழுகைவரை பார்ப்போம், அதற்கு மேல் ஜனாஸாவை அடக்காமல் பிந்தவைக்க முடியாது என்றார்கள். அது நியாயம்தான். சாச்சாவின் போன் செத்துக் கிடந்தது. சாச்சாவின் பக்கத்து வீட்டு ஃபைஸலின் நம்பர் கிடைத்தது. ஃபைஸல் நுரைச்சோலையில் வேலையில் நின்றான், பின்னேரம்வரை வெளிக்கிட முடியாது.

"கவலப்படாதீங்க நானா," என்றான். "நான் வரும்போது சாச்சா ரேடியோவத் தொறந்துட்டு முன்னால குந்திட்டிருந்தார். நீங்க அதில ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அந்தக் காலை நேரத்தில் தாஹிர் பாண் வண்டியை எடுத்து நேரே பாலாவிப் பக்கம் விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பி, தலைவரின் வீட்டுக்குப் போனார். சங்கத்தில் கொஞ்சநாள் இருந்தால் நல்ல மனிதருக்கும் இப்படித்தான் மூளை போய்விடும்.

தலைவர் "இன்னாலில்லாஹி" சொன்னார். மூன்று வேலை நாள் விதியை மனிதாபிமானத்தோடு தளர்த்துவதாகச் சொன்னார். ஆனால் சாவியை இன்னொருவர் கையில் தர யாப்பில் இடமில்லை, தானே வருவதாகச் சொன்னார். குளித்தார். கோட்டுப் போட்டார். அலுமாரியைத் திறப்பது உத்தியோகபூர்வ நிகழ்ச்சி. ஜபாரை டவுனிலிருந்து ஏற்றிவரவேண்டியிருந்தது. அவருடைய கடைக்கு ஒரு லொறி கம்பி வந்திருந்தது, இறக்கி முடியும்வரை நின்றார்கள். திரும்பி வரும்போது மதியத்து லுஹர் பாங்கு சொல்லிவிட்டது.

மிஹ்லார் மாஸ்டர் தன் வீட்டு வாசலில் நின்றபடி, "நான்தான் போன வெள்ளியோட செயலாளர் பதவியிலருந்து விலகிட்டனே," என்றார். விழாப் படத்தில் தலைவரின் முகம் தன்னுடையதைவிடப் பெரிதாகப் போட்டதற்காக விலகியிருந்தார்.

"சாவி எங்க மாஸ்டர்?"

"நான் முறையா விலகின ஆள். சீல், கூட்டக் குறிப்பு, சாவி எல்லாத்தையும் தலைவரிட்ட ஒப்படைச்சிட்டன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஒப்படைச்சது உண்மை. ஒப்படைச்ச பொருள் சங்கச் சொத்து. சங்கச் சொத்த எங்க வைக்கணும்? அலுமாரிக்குள்ள. ஜபார் ஹாஜியாரும் நானும் நிண்டு, வெச்சுப் பூட்டினம்."

"மூணாவது பூட்டச் சாவியில்லாம எப்பிடிப் பூட்டினீங்க?"

"அதுதான் இந்தப் பூட்டுட விசேசம்," என்றார் ஜபார் சந்தோசமாக. "அமத்தினாப் போதும், தானாப் பூட்டும். தொறக்கத்தான் சாவி."

மூன்று பேரும் பாலர் பாடசாலைக்கு வந்து, மற்ற இரண்டு பூட்டுகளையும் திறந்துவிட்டு, அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு அமர்ந்தார்கள். பூட்டை உடைப்பது சொத்துக்குச் சேதம், அதற்கு அவசரப் பொதுக்கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு ஆள் போதாது, விலகிய செயலாளரை ஆளாகக் கணக்கெடுக்கலாமா என்று ஆராயத் தொடங்கினார்கள். வாக்குரிமை இல்லாத தாஹிர் வெளியே போனார். வண்டிச் சில்லுக் கழற்றும் இரும்புக் கம்பியோடு திரும்பி வந்து, மூன்றாவது பூட்டின் வளையத்துக்குள் விட்டு நெம்பினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

"கூட்டக் குறிப்பில எழுதுங்க," என்று தலைவர் யாரிடமோ சொன்னார். எழுதுவதற்குச் செயலாளர் இல்லை.

மாலை காய்ந்து, பிஸ்கட் டின் பத்திரமாக இருந்தது. தாஹிர் அதைத் தூக்கிக்கொண்டு ஏரியல் கம்பியைத் தேடினார். அலுமாரிக்குள் இல்லை. வாசலில் ஒரு பெரிய பலகை நாலு மூலையிலும் கம்பி போட்டு உறுதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஏரியலைத்தான் துண்டு துண்டாக நறுக்கி, சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான், வண்டியிலேயே சாச்சாவிடம் போகலாம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

சாச்சாவின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பதற்றத்தில் தாஹிரின் கை பாண் வண்டியின் பாட்டுச் சுவிட்சில் பட்டுவிட்டது. எல்லாப் பாண்காரர்களும் போடுகிற அந்த வெளிநாட்டு மெட்டோடுதான் மௌத்துச் செய்தி போய்ச் சேர்ந்தது. சாச்சா கையில் பையோடு வெளியே வந்தார்.

"இந்தப் பக்கமும் யாவாரமா தாஹிர்? ஒரு றாத்தல் பாண் தா."

தாஹிர் சொன்னார். சாச்சா திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே ரேடியோ இரைந்துகொண்டிருந்தது.

"இல்லையே," என்றார். "நான் சுபஹிலருந்து தொறந்து வெச்சிட்டுத்தானே இரிக்கன். அது ஒண்டும் சொல்லல்லயே."

அவரை நம்பவைத்து வண்டியில் ஏற்றுவதற்குள் தாஹிருக்கு அழுகை வந்துவிட்டது. சாச்சா ரேடியோவை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே ஏறினார். பாலாவிச் சந்தியில் ஒரு சீமெந்து லொறி குறுக்கே நின்றது. அஸர் பாங்கு அங்கே வைத்துக் கேட்டது.

மையவாடியில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கபுறின் மேல் தண்ணீர் தெளித்து முடிந்திருந்தது. இரண்டாவது தடவையும் சாச்சாவுக்கு ஈர மண்தான் கிடைத்தது. அவர் மையவாடி வாசலுக்குள் நின்று வெகுநேரம் துஆக் கேட்டார். தாஹிரால் அவர் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை.

கோட்டுப் போட்ட ஹயாத்து முகம்மது கிட்ட வந்து, தாஹிரின் தோளைத் தொட்டார். "சங்கம் ஆழ்ந்த அனுதாபத்தத் தெரிவிக்குது. லைசன் கிடைச்சதும் அனுதாபச் செய்தியத்தான் முதலாவதா ஒலிபரப்புவம். பூட்டு உடைச்ச விசயத்த அடுத்த கூட்டத்தில பேசுவம், இப்ப அதுக்கு நேரமில்ல."

சாச்சா திரும்பினார். "இவர் ஆரு?"

"ரேடியோச் சங்கத் தலைவர், சாச்சா."

சாச்சா அவரை மேலும் கீழும் பார்த்தார். கக்கத்தில் ரேடியோ இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இத நீங்களே வெச்சிக்கொள்ளுங்க. ஒரு வருசமா இந்த வெறும் இரைச்சல நான் வேற என்னவோ எண்டு நெனச்சிட்டன். உங்கட சங்கத்தத்தான் கேட்டிட்டு இருந்திரிக்கன்."

தலைவர் அதை அன்பளிப்பாக ஏற்றுக்கொண்டார். சங்கத்துக்குக் கிடைத்த மூன்றாவது சொத்து. எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. இரைகிற பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, புதுப் பூட்டு ஒன்று எடுப்பதற்காக ஜபாரைத் தேடிக்கொண்டு போனார்.